கப்பலேறிய சுவீடன்காரரும் என் மனைவியின் பெயரும்

செத்தவர்களைத் தேடிப் பிடிப்பதைப் போல லேசான வேலை உலகத்தில் இல்லை. அவர்கள் வீடு மாறுவதில்லை. எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தில் கிர்ஸ்டன் என்ற பெண்மணி நடத்திய பூர்வீகம் தேடும் நிலையத்தில் நான் செய்தது இந்த வேலைதான். யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் பழைய உறுதிகளைத் தேடும் கிளாக்கராக இருந்தவன் என்று கேட்டதுமே என்னைச் சேர்த்துக்கொண்டார். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் சுவீடன் அமெரிக்காவில், டெலவெயர் ஆற்றங்கரையில், ஒரு குடியேற்றம் வைத்திருந்தது. அங்கே போனவர்களில் சிலர் இன்றைய தெற்குச் சுவீடனில் பிறந்தவர்கள். அந்தப் பக்கம் அப்போது டென்மார்க்குக்குச் சொந்தம். அதனால் அவர்களுடைய வாரிசுகள் எங்கள் கதவைத் தட்டினார்கள்.

அகதியாய் வந்து படிவம் நிரப்பிய உங்களுக்கு மீதி விளங்கும். நான் ஊரார் பாட்டன் பூட்டனைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் மனைவி மகேஸ்வரி ஷெல் விழுகிற யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அவளை இங்கே கூப்பிடும் விண்ணப்பம் யாருடைய மேசையிலோ தூங்கிக்கொண்டிருந்தது.

அரச சம்பந்தம்

அமெரிக்காவிலிருந்து ஒரு கனவான் வந்தார். தன் மூதாதைக்கும் அரசனுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்பது பரம்பரைக் கதையாம். நிரூபித்தால் வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டுவாராம்.

மூன்று கிழமை மைக்ரோபிலிம் சுருளைச் சுற்றிச் சுற்றி என் கண் பூத்துப்போனது. தொடர்பு இருக்கத்தான் இருந்தது. மூதாதை அரசனுடைய காட்டில் களவாக மானடித்துப் பிடிபட்டவர். தண்டனையாகக் கப்பலேற்றிவிட்டார்கள். எப்படிச் சொல்வதென்று நான் தயங்க, கிர்ஸ்டன் கடதாசியை அப்படியே நீட்டிவிட்டார். கனவான் இரண்டு தரம் வாசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"பெரிய மானா, சின்ன மானா என்று போட்டிருக்கிறதா?"

மூன்று தலைமுறை, மூன்று குடும்பம்

அமெரிக்காவிலிருந்தே வந்த ஓர் அம்மாள் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். நான் வரைந்து கொடுத்த வம்ச மரத்தில் தகப்பன் பெயர் யோன்ஸ், மகன் ஆண்டர்ஸ் யோன்ஸன், பேரன் லார்ஸ் ஆண்டர்ஸன். "மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர்! யாரோ மூன்று பேரைப் பிடித்து என் தலையில் கட்டப் பார்க்கிறாய்" என்றார்.

நான் என்னையே உதாரணமாக வைத்தேன். "என் பெயர் சிவபாதம். என் தகப்பன் கந்தையா. எனக்கு மகன் பிறந்தால் அவன் பெயரோடு சிவபாதம் வரும், கந்தையா வராது. உங்கள் ஆட்களும் இப்படித்தான்." அம்மாளின் முகம் தெளிந்தது. அந்த அம்மாளுக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கிய இந்தக் காரியத்தை நினைத்து நான் பின்னாளில் எத்தனையோ தரம் பெருமூச்சு விட்டிருக்கிறேன். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னார்:

"அப்படியென்றால் சுவீடன்காரர்கள் உங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள்தானே!"

தனக்குத் தானே மாமியார் ஆன மனைவி

என் விண்ணப்பம் ஒருநாள் கண் விழித்தது. வெளிநாட்டார் அலுவலக அதிகாரி கூப்பிட்டு, "நீர் கந்தையா. இந்தப் பெண் சிவபாதம். உமக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். பிழை என்னுடையதுதான். படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. குடும்பத்துக்குப் பெரியவர் தகப்பன், எங்கள் அப்புதானே என்று பயபக்தியோடு அவர் பெயரை எழுதியிருந்தேன். நம்மில் எத்தனை பேர் இந்தக் கட்டத்தில் விழுந்து எழும்பினோம்! மகேஸ்வரியோ ஊர் வழக்கப்படி புருசன் பெயரைச் சேர்த்து, மகேஸ்வரி சிவபாதம் என்று பாஸ்போர்ட் எடுத்திருந்தாள். விவாகப் பதிவுத் துண்டைக் காட்டினேன். அதிலும் பெயர் ஒத்துவரவில்லை என்றார். பெரிய மனது பண்ணி ஒரு வழியும் சொன்னார்: அவள் மகேஸ்வரி கந்தையா என்று மாற்றிக்கொண்டு வரட்டுமாம்.

பக்கத்து ஊரான ஹோர்சன்ஸில் தொழிற்சாலை வேலை செய்த செல்வராசா அண்ணையும் நானும் ஒரே அறை. அவரிடம் இதைச் சொன்னேன். சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டேய், அவன் உன்ர மனிசியை உன்ர அப்புவுக்கெல்லோ கட்டிவைக்கச் சொல்லுறான்!"

சாட்சிக்கு வந்த ஆண்டர்ஸ்

கிர்ஸ்டனுக்கு விசயம் தெரிந்ததும் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. அமெரிக்காவில் குடியேறியவர்களின் வம்ச மரங்களில் நல்லதாக ஐந்தைச் சுருட்டிக்கொண்டு என்னோடு அலுவலகத்துக்கு வந்தார். வெளியே காத்திருந்தபோது சட்டைப்பையில் மகேஸ்வரியின் கடிதம் இருந்தது. பக்கத்து ஒழுங்கையில் ஷெல் விழுந்து இரண்டு வீடு போய்விட்டதாம்; 'எப்ப கூப்பிடுவீங்கள்?' என்று மட்டும் கேட்டிருந்தாள். அதை எடுத்துத் திரும்பவும் வாசித்தேன்; பயமாக இருந்தது. ஊரெல்லாம் புருசன் பெண்சாதியைச் சேர்த்துவைக்கிற எனக்கு என் பெண்சாதியைச் சேர்த்துக்கொள்ள வக்கில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

கிர்ஸ்டன் மரங்களை மேசையில் விரித்து, யோன்ஸின் மகன் ஆண்டர்ஸ், ஆண்டர்ஸின் மகன் லார்ஸ் என்று விரல் வைத்துக் காட்டினார். அதிகாரி ஆசையாகக் குனிந்து பார்த்தார். தன்னுடைய பாட்டன் பக்கமும் அப்படித்தான் என்றார். ஒரு கோப்பை காப்பிகூட வந்தது. "அப்படியானால் இவர் மனைவியையும் ஒப்புக்கொள்ளுங்கள்" என்றார் கிர்ஸ்டன். அதிகாரி மரங்களைக் கவனமாகச் சுருட்டி அவரிடம் கொடுத்தார். என் விண்ணப்பத்தை எடுத்து 'மறுக்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார்.

"அவர்கள் செத்துப்போனவர்கள். வந்து வீடு கேட்க மாட்டார்கள்."

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: மகேஸ்வரி என் மனைவிதான் என்று டென்மார்க் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், நாங்கள் இருவரும் செத்து ஒரு முந்நூறு வருடமாவது கழிந்தபின் விண்ணப்பிக்க வேண்டும்.