மூன்று மைக்ரோ விநாடிக்காக பீடோங் வரை

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து பீடோங்குக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. என் மகன் ஜெரால்டு ஒரு கடிதம் எழுதப்போவதாகச் சொல்லியிருந்தான். அதைத் தடுக்கப் போனேன்.

கோலாலம்பூரில் ஒரு பங்கு வர்த்தக நிறுவனத்தில் அவனுக்கு வேலை. வாங்குவதும் விற்பதும் அங்கே கணினிதான். விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு முந்தினாலும் லாபம். ஒரு காலையில் அவர்களுடைய நிரல் தாறுமாறான அளவில் ஆணைகளை அனுப்பிவிட்டது. பழி, அவனுக்குக் கீழே வேலை செய்த ஹனிஸாவின் மேல் விழுந்தது; அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். இவன் விடுப்பு எடுத்துக்கொண்டு, மறைந்த என் கணவரின் பீடோங் வீட்டில் வந்து அடைந்துகொண்டான். தவறு தன்னுடையது என்று நிறுவனத்துக்கு எழுதப்போகிறானாம்.

காலை 8.25 ரயில். முதியவர்களுக்குப் பாதிக் கட்டணம்; அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள், கவுண்டரில் நின்று பையைத் துழாவுவது அழகல்ல. சுங்கை பட்டாணியில் இறங்கி வாடகைக் கார், பதினெட்டு ரிங்கிட். வழியில் சுங்கை லாலாங்கில் வானம் மூடிக்கொண்டது. இருபுறமும் செம்பனைத் தோட்டம், வெளிச்சமே இல்லை.

"மகன் கம்பியூட்டர்ல துட்டு பண்றாரா?" என்றார் டிரைவர். "எனக்கும் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்கம்மா. இந்த டாக்ஸிக் காடிய வித்துடறேன் லா."

"லீவுல இருக்கான்," என்றேன். அதற்கு மேல் அவருக்கு எதற்கு?

சவரம் செய்யாத முகத்தோடு ஜெரால்டு கதவைத் திறந்தான். சாப்பிட தஞ்சோங் டாவாய் போகலாம் என்றான். காரில் முப்பத்தைந்து நிமிடம். ஆற்று முகத்துவாரத்தைக் கடக்கும் படகில் ஏறினோம். படகுக்காரர் விரல் நீட்டி ஆட்களை எண்ணினார். ஒருவர் மிதவைச் சட்டை மாட்டவில்லை. மாட்டவைத்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"அபாங், சீக்கிரம் லா! மழை வந்துரும்," என்று படகுக்கார அண்ணனைப் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"இந்த எண்றதைத்தாம்மா நான் எடுத்துட்டேன்," என்றான் ஜெரால்டு.

"என்னடா சொல்றே?"

"ஒவ்வொரு ஆர்டரும் போறதுக்கு முன்னாடி, அளவு சரியான்னு ஒரு செக் இருக்கும். மூணு மைக்ரோ செகண்டு ஆகும். ஹனிஸா அதை எடுக்க வேணாம்னுதான் சொன்னா. நான்தான் எடுன்னேன்."

"யாருக்கும் தெரியாதில்ல? சும்மா இரு. அப்பா பேரும் சேர்ந்து கெட்டுடும்."

பொய் சொல்லக் கூடாது என்று கான்வென்டில் பன்னிரண்டு வருடம் படித்தவள் நான். ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

"லெட்டரைக் காலையிலயே அனுப்பிட்டேன்மா. நீங்க ரயில்ல இருந்தப்ப. நீங்க வந்து பேசினா அனுப்ப மாட்டேன்னு தெரியும்."

அக்கரைக் கடையில் பொரித்த மீன், முப்பத்திரண்டு ரிங்கிட். இருவரும் தொடவில்லை. இனி இந்தத் தொழிலில் எவரும் தன்னை வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்றான். ஹனிஸாவை மறுபடி கூப்பிட்டார்களா என்று கேட்டேன். "இன்னும் தெரியல," என்றான். மழை பிடித்துக்கொண்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். படகுக்குச் சில்லறை கொண்டுபோங்கள். பெருமழையில் படகு நிற்கும். ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பார்க்கப் போவதானால், திரும்பும் ரயிலை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். நான் 5.10 ரயில் என்று முடிவு செய்திருந்தேன். "இருந்துட்டு நாளைக்குப் போங்கம்மா," என்றான். கோபத்தில் கிளம்பிவிட்டேன்.

நீ செய்தது சரிதான் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். பட்டர்வொர்த்தில் இறங்கும்வரை அது எனக்குத் தோன்றவில்லை. இன்னும் சொல்லவில்லை.