விட்டு விட்டு ஓடிய மாத்திரை

என் அக்கா புருஷன் பம்பு மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக அடுக்குமாடிகளின் தண்ணீர் மோட்டார்களைக் கழற்றி மாட்டுகிறவர். வேலையில் கில்லாடி. ஆனால் உலகத்தில் உள்ளதெல்லாம் மோட்டார்தான் என்று நினைப்பு. மிக்ஸி, பஸ், என் கல்யாண வாழ்க்கை, எதைச் சொன்னாலும் ஒரே வைத்தியம்: "கொஞ்சம் நிறுத்தி வை, சூடு ஆறட்டும்."

அக்காவுக்குச் சிறுநீரில் கிருமி, காய்ச்சல். டாக்டரம்மா ஏழு நாளைக்கு மாத்திரை எழுதினார். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாமா மாத்திரை அட்டையைப் பிடுங்கி டிராயரில் போட்டுவிட்டார். "ரெண்டு நாள் ஓடிருச்சு, ரெண்டு நாள் நிக்கட்டும்." காய்ச்சல் வந்தால் ஓட்டினார், விட்டால் நிறுத்தினார். தீர்ந்ததும் கடையில் அதையே வாங்கினார். இப்படியே ஒரு மாதம்.

கடைசியில் அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலே ஆடும்படி நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

டாக்டரம்மா லேப் ரிப்போர்ட்டோடு வந்தார். "மூணு மருந்து கேக்கல. மத்த ரிசல்ட் வர ரெண்டு நாளாகும், அதுவரை காத்திருக்க முடியாது. சில கிருமியோட தோல்ல குட்டிக் குட்டி பம்பு இருக்கும். உள்ள போற மருந்தை அப்படியே வெளிய இறைச்சிடும். மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டா, பம்பு பலமா இருக்கற கிருமி மட்டும் பொழைச்சுப் பெருகும். நீங்க முழுசாத்தானே சாப்பிட்டீங்க?"

"முழுசா சாப்பிட்டேன் டாக்டர்" என்றாள் அக்கா, பல் கிட்டிக்கொண்டே. புருஷன் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. டாக்டரம்மா அதை நம்பி மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

மாமா ஆயுசில் ஒரு தப்பையும் ஒப்புக்கொண்டதில்லை. வால்வைத் தலைகீழாக மாட்டினால்கூட கம்பெனியைத்தான் திட்டுவார். அந்த மனிதர் எழுந்து நின்றார்.

"பொய் சொல்றா டாக்டர். நான்தான் நிறுத்தி நிறுத்திக் குடுத்தேன். பம்பு வேலை தெரிஞ்ச நானே அதுங்களுக்குப் பம்பு மாட்டிவிட்டிருக்கேன்."

டாக்டரம்மா எழுதியதை அடித்தார். "நல்லவேளை சொன்னீங்க. இந்த மருந்தையும் அந்தக் கிருமி வெளிய தள்ளியிருக்கும்."

வேறு ஊசி ஏறியது. நான்காம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கியது. கண்ணைத் திறந்ததும் மாமாவைப் பிடித்தாள்.

"அத்தனை பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே!"

"திட்டுடி" என்றார் மாமா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உசுரோட இருந்து நல்லா திட்டு."