அந்தோணிராஜின் மூச்சு ரேட்

திருப்பூரில் துணியைக்கூட மீட்டரில் பேச மாட்டார்கள், கிலோவில்தான் பேசுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் தன் புருஷன் மூச்சை லிட்டரில் அளந்து நோட்டில் எழுதிவைத்தால் சிரிக்காமல் இருப்போமா? சிரித்தோம். நானும் சிரித்தவன்தான்.

அந்தோணிராஜ் தூத்துக்குடிக்காரன். கடலில் சங்கு எடுத்தவன். பிறகு துறைமுக வேலையில் சிலிண்டர் மாட்டி மூழ்கப் பழகினான். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எங்கள் பனியன் கம்பெனிக்குக் கம்ப்ரசர் ஆப்பரேட்டராக வந்தான். அக்கம்பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் விழுந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் மனைவி நதியா அதே கம்பெனியில் டைம் ஸ்டடி பார்ப்பவள். ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக டெய்லர்கள் பின்னால் நின்று, ஒரு காலர் வைக்க எத்தனை நொடி என்று குறித்து ரேட் போடுவாள். போட்டது போட்டதுதான், அந்த ஆர்டர் முடியும்வரை மாற்ற மாட்டாள். டெய்லர்கள் அவளைத் திட்டாத நாளில்லை.

கலங்கிய கிணற்றுத் தண்ணீருக்குள் சிலிண்டர் மீட்டரைப் பார்க்க முடியாது. அதனால் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்ப்பது நதியாவின் வேலை. புருஷன் மூச்சுக்கும் ரேட் போட்டாள். தரையில் என்றால் நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும். அதே மூச்சுக்கு முப்பது லிட்டர் காலி. பத்து லிட்டர் சிலிண்டரில் இருநூறு பார் அழுத்தத்தில் காற்றை அடைத்திருப்பார்கள், அதாவது இரண்டாயிரம் லிட்டர். ஆபத்துக்கென்று ஐம்பது பாரை ஒதுக்கினால் மிச்சம் ஆயிரத்தைந்நூறு லிட்டர். ஆக, ஐம்பது நிமிடம். பத்துப் பன்னிரண்டு கிணறுகளில் இந்தக் கணக்கு தப்பவே இல்லை.

2009இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கட்டிங் மாஸ்டர் மொக்கைச்சாமி, நல்லூரில் லிங்கசாமி என்பவரின் தோட்டத்துக் கிணற்றில் குளிக்கப் போய் மூழ்கிவிட்டான். அந்தோணிராஜ் இந்த ஊருக்கு வந்த முதல் நாள், தன் அறையில் பாய் விரித்துக் கொடுத்தவன் அவன்தான். பாதாளக்கரண்டி போட்டுத் துழாவியும் உடல் கிடைக்கவில்லை. அவன் அம்மா கருத்தம்மா உசிலம்பட்டியில் பஸ் ஏறிவிட்டாள்.

“ஆத்தா வாரதுக்குள்ள எடுத்துரணும்” என்றான் அந்தோணிராஜ். பெற்றவளைக் கிணற்றடியில் காக்க வைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே நினைப்பு.

சரியாகப் பத்து மீட்டர் தண்ணீர். ஐம்பது நிமிடம் என்று சொல்லிவிட்டு நதியா ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினாள். பதினைந்தாவது நிமிடத்தில் அவள் முகம் மாறிவிட்டது. வழக்கமாக ஒரு கொத்துக் குமிழி மேலே வந்தால் ஆறு நொடி கழித்துத்தான் அடுத்தது வரும். அன்றைக்கு மூன்று நொடிக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. எண்ணினாள், மறுபடி எண்ணினாள். கயிற்றைச் சுண்டி இழுத்தாள். கீழேயிருந்து பதில் இழுப்பு இல்லை.

“அம்பது நிமிசம்னு சொன்னீங்களே கண்ணு, இன்னும் பாதிகூட ஆகலீங்களே?” என்றார் லிங்கசாமி.

“நான் போட்ட ரேட்டு தப்புங்கய்யா. ரெண்டு மடங்கு காத்த இழுக்காரு.” அழுகையும் கோபமுமாகத் திரும்பத் திரும்ப இழுத்தாள். இருபதாவது நிமிடத்தில்தான் கயிறு பதில் சொன்னது. இருபத்துநான்கில் அவன் தலை தெரிந்தது. மொக்கைச்சாமியை இன்னொரு கயிற்றில் கட்டியிருந்தான். மீட்டரில் மிச்சம் ஐம்பத்தாறு பார். ஸ்டாப்வாட்ச்சை நம்பி அவள் ஐம்பது நிமிடம் காத்திருந்தால் அதற்குள் சிலிண்டர் முழுக்கக் காலியாகியிருக்கும்.

உடலை மேலேற்றி வேட்டியால் மூடியபின் நதியா வெடித்தாள்.

“நிமிசத்துக்கு அறுபது லிட்டரு! எப்பவும் இழுக்கதுல ரெண்டு மடங்கு! உள்ள அப்படி என்னத்தத் தேடுனீங்க?”

அந்தோணிராஜ் கிணற்றுப் படியில் உட்கார்ந்திருந்தான்.

“தேடல நதியா. அஞ்சாவது நிமிசமே கெடச்சிட்டான்.”

“பெறவு?”

“ஆத்தா முன்னால நான் அழக் கூடாதுல்லா? அதான் உள்ளயே அவன் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டு வந்தேன்.”