அறுநூறு முடிச்சு

எங்கள் வீட்டில் கப்பல் கட்டப்பட்ட காலத்தில் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சரியாகச் சொன்னால் இரண்டு வருடமும் நான்கு மாதமும். நான் நான்காம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அப்பா சாப்பாட்டு மேஜையின் மேல் பழைய வேட்டியை விரித்து, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தார். அதன் பிறகு அந்த மேஜையில் யாரும் ஒரு தட்டுகூட வைக்கவில்லை.

பெட்டிக்குள் கப்பல் இல்லை. மரச்சீவல்கள், குச்சிகள், நூல்கண்டுகள், புரியாத மொழியில் ஒரு புத்தகம், அவ்வளவுதான். அப்பா ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார். மெரினாவுக்குப் போனால் கால் நனைக்காமல் திரும்புகிறவர். அவருக்கு ஏன் கப்பல் கட்டத் தோன்றியது என்பதற்கு எங்கள் குடும்பத்தில் மூன்று விளக்கங்கள் உண்டு. மூன்றுமே அம்மா சொன்னவை, ஒன்றுகூட அச்சிடத் தக்கதல்ல. மரச்சீவல்களை வளைப்பதற்காக அவர் இட்லிப்பானையில் ஆவி காட்டினார். அந்த வாரம் முழுக்க இட்லியில் தச்சுப்பட்டறை வாசனை வந்தது. அதையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாதது ஆவணி மாதம் முதல் வெள்ளிக்கிழமை நடந்தது. அப்போது நான் ஆறாம் வகுப்பு. என் சித்தி பாலவாக்கத்தில் வாங்கிய புது ஃப்ளாட்டுக்கு அன்று கிரகப்பிரவேசம். விடியற்காலையில் அப்பா நடுப்பாய்மரத்தை நட்டுப் பசை போட்டிருந்தார். பசை இறுகும்வரை மரம் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வரவில்லை. அம்மாவும் நானும் மட்டும் ஆட்டோவில் போனோம். "அத்திம்பேர் எங்கே?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அம்மா "ஜுரம்" என்று பதில் சொன்னாள். பதினொரு பேர் கேட்டார்கள்.

அன்று மாலையிலிருந்து அம்மா அப்பாவிடம் நேரடியாகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவே நான் செய்தி கொண்டு போனேன்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, ரசம் ஆறிண்டிருக்கு."

"அப்பா, ரசம் ஆறிண்டிருக்காம்."

"அஞ்சு நிமிஷத்துல வரேன்னு சொல்லு."

"அம்மா, அஞ்சு நிமிஷமாம்."

"எந்த வருஷத்து அஞ்சு நிமிஷம்னு கேளு."

இதை நான் சண்டை என்று நினைக்கவே இல்லை. பெரியவர்கள் இரண்டு பேரும் என்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். செய்திகளை ஒரு சொல் விடாமல், தேவைப்பட்டால் குரலையும் சேர்த்து ஒப்பித்தேன்.

காயத்ரி ஜபத்துக்கு மறுநாள் என் மூலமாக ஓர் இறுதி எச்சரிக்கை போனது. நவராத்திரி முதல் நாள் சாயங்காலம் கொலுவில் விளக்கேற்றுவதற்குள் கப்பல் முடிய வேண்டும். இல்லையென்றால் அது லாஃப்டுக்குப் போய்விடும். எங்கள் வீட்டு லாஃப்டில் ஏற்கெனவே ஒரு மீன்தொட்டியும் ஒரு தையல் மெஷினும் தந்தி அறுந்த ஒரு வீணையும் இருந்தன. மேலே போன எதுவும் முழுசாகக் கீழே வந்ததில்லை.

நான் கலங்கிப்போனேன். கொலுப்படிகளுக்குக் கீழே மண் கொட்டிப் பார்க் அமைப்பது என் பொறுப்பு. முந்தைய வருடம் மாடிவீட்டுக் கொலுவில் பேட்டரி ரயில் ஓடியது. மாமிகள் எல்லோரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். இந்த முறை நான் துறைமுகம் அமைக்கப் போவதாகப் பள்ளி முழுவதும் சொல்லிவைத்திருந்தேன். கப்பல் இல்லாத துறைமுகம் வெறும் தண்ணீர்த் தாம்பாளம்.

மிச்சம் இருந்தது கயிற்று வேலை. பாய்மரத்தின் உச்சியிலிருந்து கப்பலின் இரு விளிம்புகளுக்கும் கயிறுகள் இறங்கும். அவற்றுக்குக் குறுக்கே ஏணிப்படி போல மெல்லிய நூல் கட்ட வேண்டும். மாலுமிகள் அதில்தான் மேலே ஏறுவார்களாம். நூலும் கயிறும் சந்திக்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிச்சு. மூன்று பாய்மரம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஐந்து கயிறு, இருபது படி. ஆக அறுநூறு முடிச்சு. இருந்தது நாற்பத்துநான்கு நாள். ஒரு நாளைக்குப் பதினான்கு போட்டால்தான் முடியும். அப்பா ராயப்பேட்டையில் வாங்கிய கடிகாரக்காரர் இடுக்கியும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து, ஆபீஸ் விட்டு வந்த பிறகு ஒன்பது போடுவார். அதில் இரண்டைப் பிரிப்பார்.

நான் ஒரு நோட்டுப்புத்தகத்தில் கணக்கு எழுத ஆரம்பித்தேன். தினமும் அப்பா எழுந்திருக்கும்போது எண்ணிக்கையைச் சொல்வார். தேதி போட்டு எழுதிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூதக்கண்ணாடி வைத்துக் கப்பலில் எண்ணிச் சரிபார்ப்பேன். முதல் ஞாயிறு நோட்டில் ஐம்பத்திரண்டு, கப்பலிலும் ஐம்பத்திரண்டு. இரண்டாம் ஞாயிறு நோட்டில் நூற்றுப்பதின்மூன்று. கப்பலில் நூற்றுமுப்பத்தேழு.

மூன்று முறை எண்ணிவிட்டு அப்பாவிடம் போனேன். அவர் கண்ணாடியை வாங்கிக் கப்பலின் மேல் குனிந்தார். வெகு நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு, "உன் கணக்குலதான் தப்பு. நூத்திமுப்பத்தேழுன்னே எழுதிக்கோ" என்றார். மறுநாளிலிருந்து அவர் எண்ணிக்கை சொல்வதையே நிறுத்திவிட்டார்.

தப்பு என்னிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே தினமும் இரண்டு முறை எண்ணினேன்: அப்பா எழுந்த பிறகு ஒரு முறை, மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு முறை. கப்பல் பகலில் வளர்ந்தது. ஒரு நாள் நான்கு, ஒரு நாள் ஏழு. வெள்ளிக்கிழமை மட்டும் வளரவில்லை. எங்கள் வீட்டில் அன்று பூஜைக்கு நேரமாகும்.

"அம்மா, மத்யானம் யாராவது ஆத்துக்கு வராளா?"

"பூக்காரி வரா. கூரியர்காரன் வரான். ஏன், உங்கப்பா கப்பலை யாராவது தூக்கிண்டு போயிட்டாளா? அவ்வளவு அதிர்ஷ்டம் எனக்கு ஏது?"

துப்பு பூக்காரியிடமிருந்துதான் கிடைத்தது. ஒரு சாயங்காலம் மாடவீதியில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னா பாப்பா, உங்கம்மா கைல இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே."

"பின்ன இன்னாத்துக்கு டெய்லி கட்டின பூவே கேட்டுக்கினு கீறாங்க? எப்பவும் உதிரிதானே வாங்குவாங்க? நான் கட்டினா நெருக்கமா இல்லன்னு என்னியவே கலாய்க்கிற ஆளாச்சே!"

அது உண்மைதான். காலையில் மழலையர் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு ஒரு மணிக்கு வீடு திரும்பும் அம்மா, சாப்பிட்டதும் உதிரி மல்லியை மடியில் கொட்டிக்கொண்டு தொடுக்க உட்காருவாள். எங்கள் குடியிருப்பில் அவள் வேகத்துக்கு யாரும் கிடையாது. அதுவும் இடக்கையால்.

காலாண்டுத் தேர்வு வந்தது, அரைநாள்தான் பள்ளி. முதல் நாள் என்னைப் படிக்கச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு அம்மா கதவைச் சாத்தினாள். நான் அதைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். அம்மா சாப்பாட்டு மேஜையில், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடுக்கி இல்லை, பூதக்கண்ணாடியும் இல்லை. விரலில் நூலைச் சுழற்றி வளையமாக்கிக் கயிற்றில் மாட்டி ஒரு சுண்டு. பூ தொடுக்கிற அதே சுழற்றல். ஏழு முடிச்சு போட அவளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஏழாவது முடிச்சு முடிந்ததும், கை ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிட்டாள். நினைத்திருந்தால் ஒரே வாரத்தில் மொத்தக் கப்பலையும் முடித்திருக்கலாம். ஏன் ஏழோடு நிறுத்தினாள் என்று எனக்குப் புரியவில்லை. சோம்பேறித்தனம் என்று முடிவு செய்தேன்.

நோட்டில் 'அம்மா' என்று தனியாக ஒரு பத்தி போட்டேன். அதற்குப் பிறகு வேறு சிலவும் கண்ணில் பட்டன. அப்பா காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் தேன்மெழுகு தடவிய நூலை அளவாக வெட்டி வரிசையாக வைத்துவிட்டுப் போனார். மேஜை விளக்கை வலப்பக்கத்துக்கு மாற்றினார். அவருக்கு அது இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கும். தான் போட்ட முடிச்சுகளைப் பிரித்துப் பிரித்துக் கட்டினார். எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்த முடிச்சுகளை ஒரு நாளும் தொடவில்லை. என் மூலமாகப் போன செய்திகள் மட்டும் மாறவில்லை. "உங்கப்பாகிட்ட சொல்லு, நூலையெல்லாம் கண்ட இடத்துல பரப்பப்படாதுன்னு."

அமாவாசையன்று சாயங்காலம் பொம்மைகளைப் படியில் ஏற்றிவிட்டோம். கப்பலில் மூன்றே முடிச்சு பாக்கி. அப்பா நூலைக் கையில் எடுத்தார். எதிரே அம்மா கலசத்துக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். அப்பா நூலைக் கீழே வைத்துவிட்டு, "கண் வலிக்கறது. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று எழுந்தார்.

"அப்பா! நாளைக்கு ஆபீஸ் இருக்கு! சாயங்காலம் நீ வரதுக்குள்ள விளக்கேத்திடுவா! லாஃப்டுக்குப் போயிடும்பா!"

"போனா போறது" என்றார் நிம்மதியாக. நான் அழுதுகொண்டே தூங்கினேன்.

மறுநாள் நான்கு மணிக்கு ஓடி வந்து எண்ணினேன். அறுநூறு. தாம்பாளத் தண்ணீரில் நீலம் கலந்து, கரையில் மணல் கொட்டி, கப்பலை நடுவில் நிறுத்தினேன். ரயில் வைத்த மாடிவீட்டு மாமியே இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் சித்தி வந்தாள். கூடவே பாலவாக்கத்து அக்கம்பக்கத்தார் நான்கு பேர். சித்தி கப்பலின் முன் இடுப்பில் கைவைத்து நின்றாள். "இந்த ஜுரத்தாலதான் அத்திம்பேர் என் ஆத்துக்கு வரலையாக்கும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். பிறகு அவள் குனிந்து பார்த்தாள். "அடேயப்பா! இத்தனை முடிச்சும் நீங்களேவா போட்டேள்?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். வரலாறு தவறாகப் பதிவாவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. "இல்ல சித்தி. முந்நூத்தி எண்பத்தேழுதான் அப்பா. இருநூத்திப் பதின்மூணு அம்மா போட்டது. எங்கிட்ட தேதிவாரியா இருக்கு."

நோட்டை எடுத்து நீட்டினேன். அம்மாவின் முகம் சிவந்தது. "எனக்கு வேற வேலை இல்லையா? இது எதையாவது உளறிண்டிருக்கும்" என்றாள்.

"எல்லாம் நான்தான் போட்டேன்" என்றார் அப்பா. "குழந்தை கணக்குல கொஞ்சம் வீக்."

"ரொம்பவே வீக்" என்றாள் அம்மா.

சித்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. நான் அவமானத்தில் நின்றேன். வகுப்பில் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். என் வீட்டில் இரண்டு பெரியவர்கள், நான்கு அந்நியர்கள் முன்னால், ஒருவர் பொய்யை இன்னொருவர் தாங்கிப் பிடிக்கிறார்கள்.

"ஏன்னா, நின்னுண்டே இருக்கேளே, அந்தச் சுண்டல் தூக்கை எடுத்துண்டு வாங்கோ" என்றாள் அம்மா. அப்பா உடனே சமையலறைக்குப் போனார்.

அதற்குப் பிறகு செய்தி கொண்டு போக என்னை யாரும் கூப்பிடவில்லை. இரவு ரசம் ஆறியதை அம்மா அவரிடமே சொன்னாள். அஞ்சு நிமிஷம் என்று அவரும் அவளிடமே சொன்னார். நான் நடுவில் தயாராக உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னதற்குத் தண்டனையாக என் வேலையைப் பறித்துவிட்டார்கள் என்று விஜயதசமிவரை இருவரோடும் பேசாமல் இருந்தேன்.