எலுமிச்சம்பழமும் என் பட்டப்படிப்பும்

அறிவியல், தொழில்நுட்பம், பண்பாடு மூன்றையும் சேர்த்துப் படிக்கும் பி.ஏ. என்னுடையது. ஊரில் அதை விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

அப்பா வாங்கிய பழைய ஆட்டோவுக்குத் திருத்தணி மலைமேல் பூசை போட்டோம். பூசை போடும் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் ஏன் எலுமிச்சம்பழம் வைக்கிறோம் என்று அப்போதுதான் கல்லூரியில் நீளமாக ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். பழம் நசுங்கியது. அத்தோடு வண்டியும் நின்றுவிட்டது.

பின்னால் காத்திருந்தவர்களிடம் அப்பா சொன்னார்: "என் பொண்ணு சயின்ஸ், டெக்னாலஜி படிக்குதுங்க. அது பாக்கும்."

இன்ஜின் மூடியைத் திறந்து, தெரிந்தவள்போல் குனிந்து பார்த்தேன். ஒரு மண்ணும் புரியவில்லை. கையில் கிரீஸ்தான் ஒட்டியது.

"இன்னாமா?"

"தெரியல நைனா."

அப்பாவின் முகம் சுருங்கியது. உடனே நிமிர்ந்து, "அது படிக்கிறது ராக்கெட்டுங்க. இதெல்லாம் அதுக்குச் சின்ன வேலை," என்றார்.

எல்லோரும் மரியாதையோடு தலையாட்டினார்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்காமல், வண்டியைத் தள்ளப் போனேன். மொட்டைத் தலையில் சந்தனம் காயாத ஒருவர் தடுத்தார்.

"ராக்கெட் படிக்கிற பொண்ணு தள்ளலாமா? உள்ள உக்காரும்மா."

உட்கார்ந்தேன். என்னையும் சேர்த்தே அத்தனை பேரும் தள்ளினார்கள்.