காசியம்மாள் பதுக்கிய மாத்திரை

காசியம்மாளுக்குத் தாய்சேய் நிலையத்தில் ஆயா வேலை கிடைத்தபோது சூளைத் தெருவே வயிறெரிந்தது. கூட்டிப் பெருக்க வேண்டும், வெந்நீர் போட வேண்டும், நர்சு கமலம் கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான். களிமண் மிதிக்க வேண்டாம், சூளை அனலில் வேக வேண்டாம். நோகாத வேலை என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவருக்குக்கூட ஈஸ்ட் மாத்திரையைப் பற்றித் தெரியாது. சேர்ந்த அன்று காசியம்மாளுக்கும் தெரியாது, பாவம்.

அது 1966. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வந்து, பானை செய்த குடும்பங்களில் பாதி அங்கே கூலிக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம். காசியம்மாளின் புருசன் ராஜாங்கமும் ஒரு பட்டறையில் சூளை அடுக்கினான். நிலையத்துக்கு மாத்திரை பெரிய தகர டின்னில் வந்தது. பழுப்பு நிறம், சுண்டுவிரல் நகம் அளவு. மூடியைத் திறந்தால் நாலு நாள் புளித்த மாவு வாடை. நாக்கில் பட்டால் கசப்பு. பிள்ளைத்தாய்ச்சிக்கும், பால் கொடுக்கிறவளுக்கும், சவலைப் பிள்ளைக்கும் நாளைக்கு இரண்டு. உடம்பில் சத்து ஏறும், வாய்ப்புண் ஆறும், சீக்கு வந்தால் தாங்கத் தெம்பு இருக்கும் என்று நர்சு கமலம் சொல்லிக்கொடுத்தாள். அதைத் தின்னவைக்கும் பொறுப்பு காசியம்மாள் தலையில் விழுந்தது.

"இத எதுலம்மா பண்றாங்க? இந்த நாத்தம் நாறுது" என்று காசியம்மாள் கேட்டாள்.

"மாவைப் பொங்க வைக்குதே, அந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை ஒண்ணு. அதை வளத்து, காய வச்சு, மாத்திரையா அடிக்கிறாங்க."

"பூஞ்சக்காளானையா திங்கச் சொல்றீங்க?"

"வெளியில சொல்லித் தொலைக்காதே" என்றாள் கமலம்.

சொல்லவில்லை. சொல்லாமலே யாரும் தின்னவில்லை என்பதுதான் விசயம். முகத்துக்கு நேரே இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். "சரிக்கா, ராவுக்குப் போட்டுக்கறேன்" என்பார்கள். அந்த ராத்திரி அவர்கள் ஆயுசில் வந்ததே இல்லை. ஒருத்தி சாக்கடையில் போட்டாள். ஒருத்தி முந்தானையில் முடிந்து, துணி துவைக்கும்போது கரைத்துவிட்டாள். மூன்றாம் வீட்டு முத்தாயி கோழிக்குப் போட்டாள். அந்தக் கோழி மினுமினு என்று கொழுத்து, விடாமல் முட்டை வைத்தது. "மாத்திரை நல்ல மாத்திரைதான்க்கா, கோழியப் பாரேன்" என்று முத்தாயி வேறு வெட்கமில்லாமல் சொன்னாள். அவள் மகள் கொளஞ்சி, மூன்று வயதில் ஒன்றரை வயதுப் பிள்ளை எடைகூட இல்லாமல், அந்தக் கோழியைத் துரத்த முடியாமல் இளைத்து நிற்கும். காசியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனிமேல் என் கண்ணெதிரே முழுங்கணும் என்று சட்டம் போட்டாள். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய் வெளியே துப்பினார்கள். நிலையத்துச் சுவரோரம் முழுக்க மாத்திரை கிடந்தது, எறும்புகூட சீண்டவில்லை. வாயைத் திற, நாக்கைத் தூக்கு, ஆ காட்டு என்று தினமும் நாற்பது பேர் வாய்க்குள் எட்டிப்பார்த்துப் பார்த்து, மாட்டுத் தரகனைப் போல் ஆகிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் ராஜாங்கம் சோறு தின்னும்போதும் அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த வருசம் கோடையில் மணிமுத்தாறு மணலாகக் கிடந்தது. ஊற்றுத் தோண்டி, கலங்கலை வடிகட்டிக் குடித்தார்கள். அக்கம்பக்கத்தில் வாந்திபேதி என்று பேச்சு அடிபட்டது. அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் முத்தாயி, கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரையை அவசரப்பட்டு வாசலிலேயே துப்பினாள். அது நேராகக் காசியம்மாள் காலில் வந்து விழுந்தது.

ஒரு வருச ஆத்திரமும் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. "துப்புடி, நல்லா துப்பு! வாந்திபேதி வந்து வாரிக்கிட்டுப் போவும்போது தெரியும். இத்த தின்னவங்க கிட்ட அது அண்டாது, தெரியுமா உனக்கு? இது உள்ள போயிட்டா எத்த தின்னாலும் ஒண்ணும் பண்ணாது!"

தெம்பு இருந்தால் சீக்கைத் தாங்கும் என்று நர்சு சொன்னதைத்தான் கோபம் இப்படி இழுத்து நீட்டிவிட்டது. சொன்ன வாய் மூடுவதற்குள் முத்தாயி குனிந்தாள். மண்ணில் கிடந்த மாத்திரையை எடுத்துச் சேலையில் துடைத்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள். கொளஞ்சி வாயிலும் ஒன்றைத் திணித்தாள்.

மறுநாள் விடிந்தால் நிலையத்து வாசலில் கூட்டம். பிள்ளைத்தாய்ச்சிகள் மட்டுமில்லை, பட்டறைக்குப் போகிற ஆம்பிளைகளும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் துப்பவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. சுவரோரம் சுத்தமாக இருந்தது. "உன் சாமர்த்தியம் யாருக்கும் வராது காசி" என்று நர்சு கமலம் முதுகில் தட்டினாள். பத்து நாள் காசியம்மாள் தலைநிமிர்ந்து நடந்தாள். அந்தப் பத்து நாளும் அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அதை அவள் பின்னால் எப்போதும் மறுத்ததில்லை.

பதினோராம் நாள் முத்தாயி வீட்டுக்குப் போனவள், மூடாத சட்டியில் முந்தாநாள் குழம்பும் அதன்மேல் ஈயுமாகப் பார்த்தாள்.

"மூடி வைக்கக் கூடாதா புள்ள? சுடவாவது வைக்கலாமில்ல?"

"அதான் மாத்திரை போட்டாச்சேக்கா" என்றாள் முத்தாயி, சாதாரணமாக.

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வாரம் காலரா ஊசி போடுகிறவர்கள் மேசையோடு தெருவுக்கு வந்தார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. "எங்களுக்கு வேணாங்க, நாங்க மாத்திரை திங்கறவங்க" என்று உள்ளிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார்கள். நர்சு கமலம் காசியம்மாளைத் தனியே அழைத்து என்ன சொல்லித் தொலைத்தாய் என்று கேட்டாள். காசியம்மாள் சொன்னாள். கமலம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "அது சத்து மாத்திரைடி. கெட்டுப்போனதத் தின்னா அது எப்படிடி காப்பாத்தும்? நீயே போய் மாத்திச் சொல்லு. வூடு வூடா போய்ச் சொல்லு."

போனாள். ஆனால் நேரம் பாருங்கள், அந்த வாரம்தான் டின் காலியாகியிருந்தது. தெருவே அள்ளித் தின்றால் எத்தனை நாளைக்கு வரும்? புது டின் வந்துசேரவில்லை. காசியம்மாள் ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த மாத்திரை வாந்திபேதியைத் தடுக்காது, ஊசி போட்டுக்கங்க, தண்ணியக் கொதிக்க வைங்க, பழசைக் கொட்டுங்க என்று தொண்டை கிழியக் கத்தினாள். கேட்டவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஸ்டாக்கு இல்லன்னு நேரா சொல்லேன்க்கா. அதுக்கு ஏன் நல்ல மாத்திரையக் கொற சொல்ற?" என்றாள் ஒருத்தி.

"வேண்டியவங்களுக்கு எடுத்து வச்சிருப்பா" என்று இன்னொருத்தி காது கேட்கவே முணுமுணுத்தாள்.

பொய்யை ஒரே ஒரு தடவை சொன்னாள், தெருவே நம்பியது. உண்மையை நாற்பது வீட்டில் நாற்பது தடவை சொன்னாள், ஒரு ஈ காக்கைகூட நம்பவில்லை. இப்படிப்பட்ட ஜனங்களை வைத்துக்கொண்டு யார்தான் என்ன செய்வது? வீட்டுக்கு வந்து சுவரில் முட்டிக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் தெருவில் ஒரு காதுகுத்து. கறிச்சோறு போட்டார்கள். முத்தாயி ஒரு தூக்கில் கறிக்குழம்பு வாங்கி வந்து வைத்திருந்து, மறுநாள் மத்தியானம் கொளஞ்சிக்கு ஊட்டினாள். சாயங்காலம் பிள்ளைக்கு வாந்தி. விளக்கு வைப்பதற்குள் கண் உள்ளே போய்விட்டது. காசியம்மாள்தான் வண்டி பிடித்துக்கொண்டு வந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் சில்லிட்ட பாதங்களைத் தேய்த்துக்கொண்டே போனாள். பாட்டில் ஏற்றினார்கள். அந்த மெல்லிய கையில் நரம்பைத் தேடிக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. மறுநாள் பத்து மணிக்குப் பிள்ளை போய்விட்டது.

காரியம் முடிந்த மறுவாரம், முத்தாயி கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தாள் என்று தெருவில் பேச்சு. மணவாளநல்லூரில் அந்தச் சாமியிடம் எல்லா வழக்கும் போகும். கலெக்டருக்கு எழுதுவதுபோல் காகிதத்தில் குறையை எழுதி, சந்நிதியில் வைத்து, வேலில் கட்டிவிட்டு வந்தால், மூன்று மாதத்துக்குள் சாமி எதிராளியைக் கேட்பார் என்பது ஊர் நம்பிக்கை. முத்தாயி எழுதச் சொன்னது இதுதான்: ஆயா காசியம்மாள் மாத்திரையைப் பதுக்கி வைத்துக்கொண்டு தராமல் போனதால் என் பிள்ளை செத்தது.

பதுக்கினாளாம்! காசியம்மாளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பொய் சொன்னாய் என்று எழுதியிருந்தால் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டிருப்பாள். அந்தப் பொய்க்காக அவளே ராத்தூக்கம் இல்லாமல் புரண்டுகொண்டிருந்தாள். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்யாத ஒன்றுக்குத் தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது ராஜாங்கம் அரிசிப் பானைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

"என்னய்யா தேடுற?"

"ஒண்ணுமில்ல… எங்கனா வச்சிருக்கியோன்னு பாத்தேன்" என்றான்.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. கையில் இருந்த பையை அங்கேயே போட்டுவிட்டு நேரே முத்தாயி வீட்டுக்கு நடந்தாள்.

முத்தாயி வாசலில் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூத்த மகள், ஏழு வயது பாஞ்சாலை. காசியம்மாள் நின்றபடியே கொட்டினாள்.

"முத்தாயி, நான் ஒண்ணையும் பதுக்கல. டின்னு காலியாத்தான் இருந்துது. இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. அந்த மாத்திரை வாந்திபேதியத் தடுக்காது புள்ள. அன்னிக்கு நீ துப்புன கோவத்துல நான் வுட்ட பொய்யி அது. வேணும்னா நர்சம்மாவக் கேளு. அதுக்காக என்னைக் கேளு, செருப்பால அடி. பதுக்குனேன்னு மட்டும் சொல்லாத."

முத்தாயி கத்தவில்லை. முறத்தில் இருந்த கை அப்படியே நின்றது.

"அப்ப எதனாலக்கா போச்சு எம்புள்ள?"

காசியம்மாளின் பார்வை வாசலில் கவிழ்த்து வைத்திருந்த தூக்கின்மேல் போனது.

"அந்தக் கறியாலயா?" முத்தாயியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "தூக்கு மூடியத் தொறக்கும்போதே லேசா வாடை வந்துதுக்கா. அதுக்கு மொத வாரம் வரைக்கும் தின்ன மாத்திரை உள்ள இருக்குதே, ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன். வேணாம் வேணாம்னு தலையத் திருப்புச்சு. ரெண்டு அடி வச்சு, திட்டித் திட்டி ஊட்டுனேன். அப்ப நானாக்கா? நானா குடுத்தேன்?"

நாற்பது வாசலில் கத்தியும் நுழையாத உண்மை இதோ ஒருத்திக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நம்பு நம்பு என்று எத்தனை நாள் அடித்துக்கொண்டாள். நம்பத் தொடங்கிய முகம் இப்படி இருக்கும் என்று காசியம்மாளுக்குத் தெரியாது. அதைப் பார்க்க அவளால் ஆகவில்லை.

"இல்ல புள்ள" என்றாள். "கறியில ஒண்ணுமில்ல. எல்லாருந்தான் தின்னாங்க. நாந்தான். ஒரு டப்பா எடுத்து ஒளிச்சு வச்சிருந்தேன். சாமி கேட்டுடும்னு பயந்துக்கிட்டு இப்படி வந்து ஒளர்றேன். உம்புள்ளைக்கு ரெண்டு குடுத்திருந்தா பொழச்சிருக்கும்."

முறத்து அரிசி முழுக்கக் காசியம்மாள் முகத்தில் வந்து விழுந்தது. முத்தாயி எழுந்து அவள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை போன நாளிலிருந்து வராத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். தெரு கூடியது. காசியம்மாள் தடுக்கவில்லை, நின்றுகொண்டிருந்தாள்.

எதிராளி ஒத்துக்கொண்டுவிட்டதால் அடுத்த வெள்ளிக்கிழமை முத்தாயி போய்ப் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். நர்சு கமலத்துக்கு எல்லாம் தெரியும். வேலை போகாமல் பார்த்துக்கொண்டாள். புது டின் வந்தது. காசியம்மாள் உண்மை சொல்வதை விட்டுவிட்டாள். அதைச் சொல்லி என்ன கண்டாள்? "கொதிக்க வச்ச தண்ணியிலதான் இத்த முழுங்கணும். பச்சத் தண்ணி பட்டா மாத்திரை செத்துரும். பழசத் தின்னாலும் செத்துரும். ஊசி போட்டவங்களுக்குத்தான் வேலை செய்யும்" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். தெருவில் எல்லா அடுப்பிலும் தண்ணீர் கொதித்தது. ஊசிக்காரர்கள் வந்தால் வரிசையில் நின்றார்கள். இந்த ஜனங்களை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

முத்தாயி வாரம் தவறாமல் பாஞ்சாலையோடு வந்தாள். காசியம்மாள் கையில் கொட்டிய மாத்திரையை எல்லார் முன்னாலும் உள்ளங்கையில் பரப்பி, ஒன்று இரண்டு மூன்று என்று வாய்விட்டு எண்ணுவாள். ஆறு வருசம் எண்ணினாள். 1973-இல் ஒருநாள், நெடுநெடுவென்று வளர்ந்து நின்ற பாஞ்சாலைக்குத்தான் அது வெட்கமாகிவிட்டது.

"வுடும்மா, சரியாத்தான் குடுத்திருப்பாங்க" என்றாள்.

"உனக்குத் தெரியாதுடி. உன் தங்கச்சியக் கொன்ன கையி அது" என்று முத்தாயி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

எண்ணி முடிக்கும்வரை காசியம்மாள் காத்திருந்தாள்.

"வெந்நீர்லதான் முழுங்கணும் பாஞ்சாலை, தெரியுமில்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்தவளைக் கையை நீட்டச் சொன்னாள்.