யோகமலர் அக்கா பூட்டிய ஹீட்டர்

வலக்கால் பூட்ஸால் நான்கு டயர்களையும் ஒவ்வொரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் யோகமலர் அக்கா வீட்டுக்குள் போவார். ஷிப்ட் எந்நேரம் முடிந்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி. லண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் தெருவில், என் ஜன்னலுக்கு நேரெதிரே நிற்கிறது அந்த வெள்ளைக் கேம்பர்வான். உள்ளே ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, ஒரு மடக்கு மேசை. "பகல் முழுக்க ஓட்டுறது கொம்பனியின்ர. இது என்ர" என்பார்.

பஸ் ஓட்டுகிறார் என்று யாராவது அவரை அறிமுகப்படுத்தினால் உடனே திருத்துவார்: "டபுள் டெக்கர்." கலியாண வீட்டில் பட்டுச் சேலையோடு வெளியே வந்து, கார் தரிப்பிடத்தில் தவிக்கும் முன்பின் தெரியாதவர்களுக்குக் கைகாட்டி, காரைப் பின்னுக்கு எடுக்க வைப்பார். நன்றி சொன்னால், "கண்ணாடியைப் பாத்து எடுங்கோ, ஆக்களைப் பாத்து எடுக்காதேங்கோ" என்று ஒரு பாடமும் கிடைக்கும். தலை குனிந்து அவரை நான் பார்த்ததில்லை, ஒரு நாளைத் தவிர.

அவருடைய கணவர் குகநாதன் அண்ணைக்குக் குளிர் ஆகாது. ஜேர்மனியில் பல வருடம் இறைச்சி வைக்கும் குளிரறையில் வேலை செய்தவர். இப்போது சற்றுக் குளிர்ந்தாலே விரல்நுனிகள் வெளுத்து மரத்துப்போகும். நவம்பர் பிறந்தால் வெளியே வரமாட்டார். "குளிரை நான் சம்பளத்துக்குப் பாத்தாச்சு. காசு குடுத்துப் பாக்க வரமாட்டன்" என்பது அவர் கட்சி.

யோகமலர் அக்காவின் கட்சி வேறு. ஜேர்மனியில் கோடை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் காரின் பின்னால் கரவன் வண்டியை இழுத்துக்கொண்டு புறப்படுவார்களாம். "அவைக்குக் கை காட்டி அனுப்பினதுதான் பிள்ளை எங்கட சுற்றுலா." லண்டனுக்கு வந்த பிறகும் ஒருவர் ஷிப்டுக்குப் போக மற்றவர் வருவார். வான் வாங்கியதே இருவரும் சேர்ந்து எங்காவது போகத்தான். ஆனால் பஸ் டிப்போவில் லீவு சுழற்சிமுறையில்தான் வரும். இந்த முறை அவருக்கு விழுந்தது பெப்ரவரி. அதை விட்டால் இன்னொரு வருடம் காத்திருக்கவேண்டும். அவர் போக ஆசைப்பட்ட இடமோ ஸ்கொட்லாந்தின் மலைப்பக்கம்.

"உமக்கென்ன விசரே?" என்றார் குகநாதன் அண்ணை. பிறகு, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குச் சூடு இருந்தால் வாறன்" என்று இறங்கினார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார் அக்கா.

டிசம்பரில் ஒரு காலை, கார்க் கண்ணாடிகளில் எல்லாம் வெண்பனி. அக்கா வானுக்குள் தேநீருக்குத் தண்ணீர் வைத்தபோது அடுப்புச் சுவாலை சுருங்கிச் சுருங்கி அணைந்துபோனது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார், பாரமாகவே இருந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, வானோடு வந்த அந்த நீலச் சிலிண்டரில் இருப்பது பியூட்டேன், உறைகுளிரில் அது வாயுவாக எழும்பாது. கடும் குளிரிலும் எழும்புவது சிவப்புச் சிலிண்டரில் வரும் புரொப்பேன். அன்றே நீலத்தைக் கொடுத்துச் சிவப்பு வாங்கிவந்தார்.

அடுத்து ஹீட்டர். மகள் கோசிகா போனில் சொன்னாள்: "அம்மா, ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டரை வாங்கிச் செருகுங்கோவன்." "கரண்ட் இல்லாத இடத்துக்குத்தான் நாங்கள் போகப்போறம்" என்றார் அக்கா. டீசலில் எரிவது மலிவு என்றார் அண்ணை. "டீசல் மணத்தை நான் வேலையில சுவாசிச்சது காணும்" என்று மறுத்தார் அக்கா. முடிவு: புரொப்பேன்.

டூட்டிங்கில் ஒருவரிடம் பழைய ஹீட்டர் ஒன்று விலைக்கு வந்தது. நாங்கள் மூவரும் பார்க்கப் போனோம். பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். அக்கா டோர்ச்சை அடித்துப் புகை போகும் குழாயைப் பார்த்தார். ஓரத்தில் மயிர் போல ஒரு வெடிப்பு.

"வெல்ட் பண்ணினால் சரிதானே?" என்றார் அண்ணை.

"மூச்சு விடுற இடத்துக்கு ஒட்டுப்போட ஏலாது" என்று டோர்ச்சை அணைத்தார் அக்கா.

புதிதுதான் வாங்கினார். அளவில் சின்னது. பெரியதைப் போட்டால் இந்தச் சின்ன வானில் அது நின்று நின்றுதான் எரியும் என்று அவருக்குத் தோன்றியது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியேயே விடும் வகை அது. உள்ளே இருப்பவர்களுக்குச் சூடு மட்டும் வரும், புகை வராது.

எரிவாயு வேலைக்கு வால்தம்ஸ்டோவிலிருந்து நிஷாந்த் வந்தார். வீட்டு பொய்லர்களோடு கேம்பர்வான்களுக்கும் சான்றிதழ் உள்ளவர். அக்கா எல்லை பிரித்தார்: பலகை அடிப்பது, சுவரில் துளை வெட்டுவது, சூடான காற்றுக்குக் குழாய் இழுப்பது எல்லாம் தன் வேலை. எரிவாயுக் குழாயும் சோதனையும் நிஷாந்தின் வேலை. "உம்மட வேலையில நான் கை வைக்கமாட்டன் தம்பி. என்ர வேலையில நீர் கை வைக்காதேயும்."

அடுத்த ஓய்வுநாளில் வேலை நடந்தது. கட்டிலுக்குக் கீழே மேடை கட்டி, ஹீட்டரை இருத்தி, பக்கச் சுவரில் வட்டமாக வெட்டினார். விளிம்பு பிசிறில்லாமல் வந்தது. தெருவால் போன தபால்காரரைக்கூட நிறுத்திக் காட்டினார்.

நிஷாந்த் வந்து பார்த்தார். துளைக்கு நேர் மேலே இருந்த ஜன்னலைத் தள்ளினார். அது திறந்தது.

"அக்கா, இது சரிவராது. புகை மேலதான் எழும்பும். ஜன்னல் திறந்திருந்தால் அப்படியே உள்ளுக்கு வரும்."

"ஜன்னலை ஆணி அடிச்சு மூடிவிடுவமே" என்றார் அண்ணை. அவருக்கு மனைவியின் முகம்தான் முக்கியமாக இருந்தது. அப்படியும் செய்வதுண்டு என்றார் நிஷாந்த்.

அக்காவின் தலை குனிந்தது. தான் வெட்டிய வட்டத்துக்கு முன்னால் குந்தியிருந்து, அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். லீவு தொடங்க ஒரு வாரமே இருந்தது. நான் பார்த்த ஒரே குனிவு அதுதான்.

பிறகு எழுந்தார். "ஜன்னல் இல்லாமல் இவரை அடைச்சு வைச்சால் அது குளிரறைதானே. நான் பாக்காமல் வெட்டினது. நான்தான் மாத்துவன். ரெண்டு நாள் தாரும் தம்பி."

வெட்டிய இடத்தை அலுமினியத் தகட்டால் மூடி, நீர் புகாமல் பசை பூசினார். மேடையைப் பிரித்தார். இழுத்த குழாய்களைக் கழற்றினார். மறுபக்கச் சுவரில் ஜன்னலே கிடையாது, ஆனால் அங்கே இருந்த அலுமாரியைப் பாதியாகக் குறைக்கவேண்டியிருந்தது. குறைத்தார். சேலைகள் வைக்க இடம் போயிற்று. "மலைக்கு ஆர் சேலையோட போறது?" இம்முறை சின்னத் துளை ஒன்றைத்தான் முதலில் போட்டார். மழைக்குள் என்னை வெளியே அளவுநாடாவோடு நிறுத்தி, கதவு எவ்வளவு தூரம், கூரைத் திறப்பு எவ்வளவு தூரம் என்று கத்திக் கத்திக் கேட்டார். எல்லாம் சரி என்று நான் இரண்டு தரம் சொன்னேன். அவர் நம்பவில்லை. தானே இறங்கி வந்து, நனைந்தபடி அளந்துவிட்டுத்தான் பெரிய வட்டத்தை வெட்டினார்.

நிஷாந்த் எரிவாயுக் குழாயைப் பூட்டி, அழுத்தமானியைப் பொருத்தினார். நாங்கள் எல்லாரும் முள்ளைப் பார்த்தோம். அது அசையவில்லை. வாயு எங்கும் கசியவில்லை என்று அர்த்தம். நச்சுப்புகைக்கான அலாரத்தையும் அமுக்கிப் பார்த்தார், கூவியது. பிறகு ஹீட்டரைப் போட்டார். ஒரு 'டிக்', ஒரு மெல்லிய உறுமல். புது இரும்பு சுடும் மணம். சற்று நேரத்தில் கட்டில் காலடியில் இளஞ்சூடாகக் காற்று வந்தது.

"ஆர் அக்கா வெட்டித் தந்தது? வடிவா இருக்கு" என்றார் நிஷாந்த், தெரிந்துகொண்டே.

"டபுள் டெக்கர் ஓட்டுற ஒரு மனிசி" என்றார் அக்கா.

முதல் துளையை மூடிய அந்தத் தகட்டுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் தெரியாது என்று கோசிகா சொல்லிப் பார்த்தாள். அக்கா அடிக்கவில்லை. "முதல் அதில பிழை விட்டனான்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்கிறார். அந்தக் கதை சொல்லும்போதும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கிறது.

பெப்ரவரி முடிய, ஸ்கொட்லாந்திலிருந்து திரும்பிவந்தார்கள். மறுநாள் தேநீருக்குப் போனேன். ஏரி எப்படி, மலை எப்படி என்று கேட்டேன்.

"இருந்துது" என்றார். "ஒருநாள் விடிய எழும்பிறன், ஒரு முழத்துக்குப் பனி. பக்கத்து வான்காரருக்குத் தண்ணிக் குழாய் இறுகிப்போச்சு. இவர் என்ன செய்தவர் தெரியுமே? கதவைத் திறந்துபோட்டு, பெனியனோட நிண்டு பல்லுத் தீட்டுறார்!"

குகநாதன் அண்ணை சோபாவில் இருந்து, "சும்மா, ரெண்டு நிமிசம்தான்" என்று முணுமுணுத்தார்.

அக்கா போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். பின்னணியில் வெள்ளை மலைகள், கறுத்த ஏரி, பனியில் பாதி புதைந்த வேலி. நடுவில், வானின் வாசலில், சின்னதாக ஒரு மனிதர். நல்ல படம் என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன், அக்கா இரண்டு விரல்களைத் திரையில் வைத்து அகட்டினார். மலைகள் வெளியே போயின. ஏரி போனது. வேலியும் போனது. குகநாதன் அண்ணையின் வெறும் கைகள், வெளுக்காத விரல்நுனிகளோடு, திரையை நிரப்பும்வரை அகட்டிக்கொண்டே இருந்தார்.